வண்டு போன கோடு

பெட்டியின் மூடியில் ஆணி அடித்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள், முகம் பார்க்க வழியில்லை என்று தெரிந்த பிறகு, கூடத்தில் இருந்தவர்கள் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் அப்பா. பெட்டியைத் தாங்கிய இரண்டு பெஞ்சுகளில் ஒன்றின் காலில் சாய்ந்து, தரையில், தம்பியின் மனைவி. அவளுக்குப் பின்னால் சுவரோடு சுவராக அவளுடைய அண்ணன். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர், துக்க வீட்டிலும் கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சோபாவின் நுனியில், மடியில் பழுப்பு உறையோடு, ஸ்டுடியோக்காரர். சாப்பாட்டு மேசையில், காகிதமும் பேனாவும் இருந்த பக்கம், அக்கா. வாசற்படிக்கு உள்ளே, செருப்பு வைக்கும் பலகையின் மேல், கழற்றிய செருப்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, ஜீப்காரர்.

ஜீப்காரர் உள்ளே வந்து உட்கார்ந்தது யாருக்கும் பிடிக்கவில்லை. எழுந்து போ என்று சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை.

கல்லறைக்குக் கொண்டுபோகும் வண்டி பதினொரு மணிக்கு வரும் என்றிருந்தார்கள். மணி ஒன்பதரை.

"அக்கா, புகாரை ஆரம்பிச்சாச்சா?" என்றார் டிரில் மாஸ்டர்.

"தேதி போட்டிருக்கேன்."

"தேதி மட்டுந்தானா?"

"தேதிதான் முதல்ல போடணும்."

அக்கா என்பது அவள் பெயரல்ல. அவளுக்கு ஆறு வயதில் ஒரு தம்பி பிறந்தான். அவன் பேசக் கற்றுக்கொண்டதும் முதலில் அப்படிக் கூப்பிட்டான். பிறகு அப்பாவும் அப்படியே கூப்பிட்டார். அலுவலகத்தில் இருபத்தாறு வருஷமாகத் தபால் பிரிவில் இருக்கிறாள். அங்கே மேலதிகாரிகூட அக்கா என்றுதான் அழைக்கிறார். வருகிற கடிதத்துக்கு ஒரு எண், போகிற கடிதத்துக்கு ஒரு எண். தம்பியின் கடிதங்களையும் அவள்தான் எழுதினாள். பத்திரிகைகளுக்கு, கண்காட்சிக்காரர்களுக்கு, காலண்டர் அச்சகங்களுக்கு. அவனுக்கு எழுத வராது. படம் எடுக்க மட்டும் வரும்.

வாரம் முழுக்க நில அளவை அலுவலகத்தில் குனிந்து வரைபடம் போடுவான். நாலு நாள் லீவு சேர்ந்தால் போதும், கூடாரத்தைக் கட்டிக்கொண்டு பாலைவனத்துக்குப் போய்விடுவான். சூரிய வெளிச்சத்தைத் தவிர வேறு வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்ததில்லை. அதிலும் விடிந்து முக்கால் மணி, இருட்டுவதற்கு முன் முக்கால் மணி. மிச்ச நேரமெல்லாம் கூடார நிழலில் சும்மா படுத்திருப்பான். "நடுப்பகல் வெளிச்சத்துல மணல் வெறும் மாவுக்கா. சாய்ஞ்ச வெளிச்சத்துலதான் அதுக்கு எலும்பு தெரியும்" என்பான். இதற்காக அவன் தின்ற வசவு கொஞ்சநஞ்சமில்லை.

போன திங்கட்கிழமை ஜீப்காரர் அவனை இரட்டைப் பாறை என்கிற இடத்தில் இறக்கிவிட்டார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அதே பாறையடியில் வந்து ஏற்றிக்கொள்வதாகப் பேச்சு. சனிக்கிழமை மதியம், பாறைக்குக் கிழக்கே முக்கால் மணி நடை தூரத்தில், ஒரு பள்ளத்தில் அவனைக் கண்டெடுத்தார்கள். புதன்கிழமை சாயங்காலம் கேமராவோடு சரிந்து விழுந்து கால் எலும்பு முறிந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைதான் உயிர் போயிருக்கிறது என்று டாக்டர் எழுதியிருந்தார்.

"எழுதுங்கக்கா. 'பேசியபடி வியாழக்கிழமை காலை மேற்படி ஓட்டுநர் அந்த இடத்துக்கு வரவே இல்லை.' வரவே இல்லைங்கறதுக்குக் கீழ கோடு போடுங்க."

"கடிதத்துல கோடு போடக்கூடாது."

"நான் வந்தேன்" என்றது வாசல் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

டிரில் மாஸ்டர் திரும்பினார். "வந்தியா? வந்தவன் என்ன கிழிச்சே? வியாழக்கிழமை சாயங்காலம் திடீர்னு ஞாபகம் வந்து, போலீஸ்ல போய்க் கதை அளந்திருக்கே. தடமே இல்லையாம்! ஒரு மனுஷன் கூடாரத்தையும் கேமராவையும் சுமந்துக்கிட்டு நடந்திருக்கான், காலடி ஒண்ணுகூட இல்லையாம். பறந்தா போனாரு?"

"தடம் இல்லீங்க சார். சத்தியமா இல்ல. இருந்திருந்தா பிடிச்சுக்கிட்டே போயிருப்பேன்."

"காத்து அடிச்சு அழிச்சிருச்சுன்னாவது சொல்லித் தொலையேன்."

"அந்த வாரம் காத்தே இல்லீங்களே."

"கேட்டுக்கிட்டீங்களா? அவனே ஒத்துக்கறான். காத்தும் இல்ல, தடமும் இல்ல. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறான்."

ஜீப்காரர் தலையைக் குனிந்து கையிலிருந்த செருப்பைப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். ஓட்டுநர் உரிமத்தை ஏற்கெனவே பிடுங்கி வைத்துவிட்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமை விசாரணை. இந்த வீட்டிலிருந்து போகிற புகாரைப் பொறுத்துதான் வழக்கு என்று போலீஸில் சொல்லியிருக்கிறார்கள்.

தம்பியின் மனைவி பெஞ்சுக் காலிலிருந்து தலையை எடுக்கவில்லை. "அந்த ஜீப்காரன் முகத்தைப் பாருங்கக்கா" என்றாள். "நாலு நாளா இந்த முகத்தைத்தான் சபிச்சுக்கிட்டு இருக்கேன். அதனாலதான் இன்னும் உக்காந்திருக்கேன். இல்லாட்டி எப்பவோ விழுந்திருப்பேன்."

அக்கா எழுதுவதற்கு முன் தாள்களைச் சரிபார்ப்பவள். போலீஸ் அனுப்பிய காகிதங்களை வரிசைப்படுத்தினாள். டாக்டரின் சீட்டு. உடலை ஒப்படைத்த ரசீது. கூடாரத்திலும் பள்ளத்திலும் கிடைத்த பொருள்களின் பட்டியல். கேமரா ஒன்று. முக்காலி ஒன்று, வளைந்தது. தண்ணீர்க் கேன் இரண்டு, காலி. கம்பளி ஒன்று. ஒன்பதாவது வரியில்: 'நிழலுக்குக் கட்டும் பழைய துணி, மரச்சட்டத்துடன், ஒன்று.'

அந்த வரியில் அவள் விரல் நின்றுவிட்டது.

அது நிழலுக்குக் கட்டும் துணியல்ல.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலண்டர் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டிய படத்தை, வழக்கம்போல உறையில் போடுவதற்கு முன், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். மூலையில், மணல் மேட்டின் அடிவாரத்தில், ஒரு செருப்புத் தடம். "உன் காலு விழுந்திருக்குடா. ஏற்கெனவே ஆள் நடந்த இடத்தைக் காலண்டர்ல போட்டா யாரு மாட்டுவா?" என்றாள். சும்மா, கிண்டலாகத்தான் சொன்னாள். அவன் பூதக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு படத்தை இரண்டாகக் கிழித்தான்.

அடுத்த மாதம் ஒரு பழைய போர்வையோடு வந்தான். நாலு முழ மரச்சட்டம் ஒன்றை அதன் ஓரத்தில் நுழைத்துத் தைக்கச் சொன்னான். சட்டத்தின் இரண்டு முனையிலும் கயிறு. கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தால், போர்வை பின்னாலேயே இழுபட்டு வந்து காலடியைத் துடைத்துவிடும். அவளே மெஷினில் போட்டுத் தைத்தாள். இடுப்பில் கட்டிக்கொண்டு கூடத்தில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்து காட்டினான். "வால் முளைச்சிருச்சுடா உனக்கு" என்று வயிறு வலிக்கச் சிரித்தாள். அன்றையிலிருந்து அதற்கு வால் என்றே பெயர்.

"இவகிட்ட மட்டும் சொல்லிடாதக்கா" என்றான் போகும்போது. அவன் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் மனைவி சொல்கிற ஒரே வார்த்தை, 'தடத்தோட போங்க, தடத்தோட வாங்க' என்பதுதான். அவள் நிம்மதியாகத் தூங்கியது அந்தத் தடத்தை நம்பித்தான்.

அக்கா பட்டியலைக் கவிழ்த்து வைத்தாள். எழுந்து வாசல் பக்கம் போனாள். ஜீப்காரரும் எழுந்துகொண்டார்.

"உக்காருங்க. ஒண்ணு கேக்கணும். பாறைக்குக் கிழக்கால மணல் எப்படி இருந்தது?"

"எப்படின்னா, சுத்தமா இருந்ததுங்க."

"எப்படிச் சுத்தம்?"

அவர் யோசித்தார். இதுவரை அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. "இஸ்திரி போட்ட துணி மாதிரிங்க. காத்து இல்லாத நாள்ல அங்க பூச்சி பொட்டு ஊர்ந்தது எல்லாம் காலையில தெரியும். வண்டு போனா தையல் போட்டாப்புல கோடு இருக்கும். அந்தப் பக்கம் வண்டு போன கோடுகூட இல்ல. மேடு உச்சி வரைக்கும் அப்படித்தான். மத்த மூணு பக்கமும் கோடு இருந்தது. அதனாலதான் கிழக்கே யாரும் போகலைன்னு முடிவு பண்ணி மேற்கால தேடப் போனேன். ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தேங்க. பேட்டரி இறங்கற வரைக்கும் அடிச்சேன்."

"போலீஸ்ல இதைச் சொன்னீங்களா?"

"வண்டுக் கதையெல்லாம் அங்க யாருங்க கேப்பாங்க?"

ஸ்டுடியோக்காரர் தொண்டையைச் செருமினார். கேமராவில் இருந்த பிலிம் சுருளைக் கழுவும்படி போலீஸ் அவரிடம்தான் கொடுத்திருந்தது. வீட்டுக்கென்று ஒரு பிரதி போட்டுக் கொண்டுவந்திருந்தார். எப்போது நீட்டுவது என்று தெரியாமல் காலையிலிருந்து உறையை மடியில் வைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தார். "அக்கா, இதுல ஒரு சங்கதி எனக்குப் பிடிபடல" என்று ஒரு தாளை எடுத்தார். சுருளின் படங்கள் எல்லாம் தீப்பெட்டி அளவில் வரிசையாக இருந்தன. "இதோ, பதினாலாவது. மேட்டு மேல நின்னு பாறையைப் பாத்து எடுத்திருக்கான். பாறையிலிருந்து இவன் நிக்கற இடம் வரைக்கும் காலடி. பதினஞ்சைப் பாருங்க. அதே இடம், நிழல் ஒரு முழம் நீண்டிருக்கு, அவ்வளவுதான். காலடி ஒண்ணுகூட இல்ல. மந்திரம் போட்டாப்புல."

பதினைந்தாவது படம் நன்றாக இருந்தது. இவ்வளவு சின்னதில்கூட நன்றாக இருந்தது. மணலின் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு நிழல். அந்த நிழல்களின் முடிவில் பாறை. உலகத்தில் மனிதன் என்று ஒருவன் பிறக்காதது போல.

"புகாரை எழுத நேரமாச்சு" என்றார் டிரில் மாஸ்டர்.

"அடக்கம் முடியட்டும்" என்றாள் அக்கா. "நாலு மணிக்குத்தான் தபால் கட்டுவாங்க."

வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது. பெட்டியைத் தூக்க நாலு பேர் வேண்டும். வண்டிக்காரர், டிரில் மாஸ்டர், ஸ்டுடியோக்காரர் என்று மூன்று பேர் ஆனது. நாலாவது மூலையை ஜீப்காரர் வந்து பிடித்தார்.

"நீ தொடாதே" என்றார் டிரில் மாஸ்டர்.

அப்பா அன்று காலையிலிருந்து வாயே திறக்கவில்லை. இப்போது நாற்காலியிலிருந்து சொன்னார்: "பிடிக்கட்டும். கூட்டிட்டுப் போனவன் கூடவே வரட்டும்."

அது மன்னிப்பா வசவா என்று யாருக்கும் விளங்கவில்லை. பெட்டி எதிர்பார்த்ததைவிட லேசாக இருந்தது. தூக்கிய நாலு பேருக்கும் அது ஒரே நேரத்தில் தெரிந்தது. ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது மணி ஒன்றரை. ஜீப்காரர் கல்லறை வாசலோடு போய்விட்டார். தம்பியின் மனைவி சமையலறையில் நின்று, வந்தவர்கள் குடித்துவிட்டுப் போன டீ கிளாஸ்களைக் கழுவ ஆரம்பித்தாள். யாரும் செய்யச் சொல்லவில்லை. அக்கா பக்கத்தில் போய்த் துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள். நாலு கிளாஸ் துடைத்த பிறகு சொன்னாள். வரிசையாகச் சொன்னாள். பூதக்கண்ணாடி, போர்வை, சட்டம், கயிறு, வண்டு, பதினாலு, பதினைந்து.

தம்பியின் மனைவி ஒரே கிளாஸைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"யாரு தைச்சுக் குடுத்தது?"

"நான்தான்."

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ விடமாட்டேன்னு."

"விட்டிருக்கமாட்டேன்" என்றாள். "சத்தியமா விட்டிருக்கமாட்டேன்." கிளாஸைக் கவிழ்த்து வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். "அப்ப நான் யாரைக்கா திட்டறது?"

"என்னைத் திட்டு."

"உங்களைத் திட்டிட்டு நாளைக்கு நான் யாரோட இருக்கறது?"

அக்கா அடுத்த கிளாஸைத் துடைத்தாள். இரண்டு பேரும் பதினொரு கிளாஸையும் முடித்தார்கள்.

வாசலில் நின்ற டிரில் மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தார். "நல்லா இருக்கு நியாயம்" என்றார். குரலில் காலையில் இருந்த விசில் இல்லை. "நம்ம ஆளு தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டார்னு நம்ம கையாலயே எழுதிக் குடுக்கறதா? கேக்கறவன் சிரிக்கமாட்டான்? பைத்தியக்காரன் செத்தான்னு பேப்பர்ல போடுவான். வேண்டாம்கா. புகாரும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். சும்மா விட்டுருவோம்."

"சும்மா விட்டா அவரை உள்ள போட்டுருவாங்க."

"அவன் தலையெழுத்து."

"இல்ல. அது என் தையல்" என்றாள் அக்கா. மேசைக்குப் போனாள்.

தேதி போட்டிருந்த தாளையே எடுத்துக்கொண்டாள். பெறுநர் முகவரியை எழுதினாள். பொருள் என்று போட்டு, எதிரே என்ன எழுதுவது என்று சற்று நேரம் பார்த்திருந்தாள். எத்தனையோ ஆயிரம் கடிதங்களுக்குப் பொருள் எழுதியிருக்கிறாள். 'என் தம்பியின் காலடித் தடங்கள் காணப்படாதது தொடர்பாக' என்று எழுதினாள்.

ஐயா என்று தொடங்கிய பிறகு பேனா நிற்கவில்லை. ஓட்டுநர் வியாழக்கிழமை சென்றபோது தடங்கள் இல்லை என்று கூறியிருப்பது உண்மையாகவே இருக்க வேண்டும். தங்கள் பட்டியலில் ஒன்பதாவதாக உள்ள பொருள் நிழலுக்கானதன்று. அது தடங்களைத் துடைப்பதற்காகச் செய்யப்பட்டது. பதினான்கு, பதினைந்து எண்ணுள்ள படங்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறேன்; இரண்டுக்கும் இடையில் அவன் பாறை வரை இறங்கிப் போய் அதை இழுத்துக்கொண்டு திரும்பியிருக்க வேண்டும். ஓட்டுநரிடம் வண்டுகளின் கோடுகளைப் பற்றிக் கேட்க வேண்டுகிறேன்.

பிரம்பு நாற்காலி கிரீச்சிட்டது. அப்பா எழுந்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். கண்ணாடி இல்லாமல் அவரால் படிக்க முடியாது.

"எல்லாத்தையும் எழுதிட்டியா?"

"எழுதிட்டு இருக்கேம்பா."

"அவன் செஞ்சதை எழுது. நீ தைச்சதை எழுத வேண்டாம்." குரலைத் தாழ்த்தினார். "எனக்கு மிச்சம் இருக்கறது நீ ஒருத்திதான், அக்கா."

"எழுதலைன்னா உனக்கெப்படித் தெரியும்னு கேப்பாங்களேப்பா."

அவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமைன்னுதானே டாக்டர் போட்டிருக்கார்?"

"ஆமாப்பா."

"வியாழக்கிழமை ஹாரன் அடிச்சானாமே. அது இவனுக்குக் கேட்டிருக்குமா?"

"மேட்டுக்கு அந்தப் பக்கம்பா. பள்ளம். கேட்டிருக்காது."

அது அவளுக்குத் தெரியாது. அன்று அவள் உறுதியில்லாமல் சொன்னது அது ஒன்றுதான். அப்பா தலையை ஆட்டிவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார்.

'மேற்படி துணியைச் சட்டத்தில் பொருத்தித் தைத்துக் கொடுத்தவள் நான். தடம் தெரிகிறது என்று முதலில் அவனிடம் குறை சொன்னவளும் நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மூன்றே கால். தாளை மடிக்கப் போனபோது தம்பியின் மனைவி எதிரே வந்து நின்று கையை நீட்டினாள்.

நின்றபடியே படித்தாள். ஈரக் கையின் பெருவிரல் தாளின் ஓரத்தில் பதிந்தது. கடைசி வரிக்கு வந்து, திரும்ப முதலிலிருந்து படித்தாள். கிழித்துப்போடுவாள் என்று டிரில் மாஸ்டர் எதிர்பார்த்தார், அக்காவும்தான்.

"பழைய போர்வைன்னு மட்டும் எழுதியிருக்கீங்க" என்றாள்.

"ஆமா."

"நீலக் கரை போட்டது. எங்க கல்யாணத்துக்கு எடுத்தது. காணோம் காணோம்னு ரெண்டு வருஷமா அலமாரியைக் கொட்டித் தேடிட்டு இருந்தேன். ஒரு மூலையில இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு இருக்கும். என்ன நூல்ல தைச்சீங்க?"

"கறுப்பு."

"அதையும் எழுதுங்க. நாம சொல்றது நிஜந்தானான்னு அங்க எடுத்துப் பிரிச்சுப் பார்ப்பாங்க."

தாளைத் திருப்பிக் கொடுத்தாள். அக்கா கையெழுத்துக்குக் கீழே பின்குறிப்பு என்று போட்டு, கரையின் நிறம், தழும்பு இருக்கும் மூலை, நூலின் நிறம் மூன்றையும் எழுதினாள். இரண்டாவது கையெழுத்துப் போட்டாள். தம்பியின் மனைவி பேனாவுக்காகக் காத்திருந்து, பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டாள். அது கோணலாக விழுந்தது. ஸ்டுடியோக்காரர் விட்டுப்போன தாளிலிருந்து பதினாலையும் பதினைந்தையும் மட்டும் கத்தரித்து உள்ளே வைத்தார்கள். பசை போட்டு ஒட்டினார்கள்.

தபால் நிலையத்துக்கு அக்கா தனியாக நடந்தாள். மணி நாலடிக்க ஐந்து நிமிஷம். பதிவுத் தபால் ஜன்னலில் இருந்தவர் பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நேரமாயிடுச்சேம்மா. நாளைக்குக் கொடுங்களேன்."

"நாளைக்குப் போட்டா வெள்ளிக்கிழமைக்குச் சேராது."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கட்டிய சணலை அவிழ்த்தார். உறையைத் தராசில் வைத்து, தபால்தலை ஒட்டி, இரண்டு தரம் முத்திரை குத்திப் பைக்குள் போட்டார். மறுபடி சணலைச் சுற்றி முடிச்சுப் போட்டு, அரக்கை மெழுகுவர்த்தியில் காட்டி, முடிச்சின் மேல் சொட்டவிட்டு அழுத்தினார்.

"போயிட்டு வாங்கம்மா. இனி ஒண்ணும் இல்ல."

அக்கா ரசீதை வாங்கிக்கொண்டாள். நகரவில்லை. அவர் குனிந்து அரக்கின் மேல் ஊதினார். அது சிவப்பிலிருந்து கறுத்து, பளபளப்பு போய், கெட்டியாகிறவரை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள்.